பயிற்சிச் செயலியில் இலக்கு வைப்பது எப்படி? எங்கள் ஓட்டக் குழுவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு சிங்கப்பூர் பிடோக் நீர்த்தேக்கத்தில் கூடும் சின்னக் குழு எங்களுடையது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், தேசிய சேவைக்குக் காத்திருக்கும் தம்பிகள், தேசிய சேவையாளர்களுக்கான உடற்தகுதிச் சோதனையான ஐபிபிடியின் தேதி நெருங்கியதும் ஓட வரும் அண்ணன்மார்கள், நாற்பதைத் தாண்டிய அம்மாக்கள் என்று எல்லாரும் இருக்கிறார்கள். நான் இங்கே பயிற்சி கொடுக்கும் தொண்டூழியர். ஓடி முடித்து உணவங்காடியில் தே ஓ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் கைக்கடிகாரத்தையும் கைப்பேசிச் செயலியையும் பற்றித்தான். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் செயலி இல்லாமல்தானே ஓடினார்கள்? எனக்கு எதற்கு அக்கா அது?

அந்தக் காலத்தில் நோட்டு இருந்தது. நானும் ஒன்று வைத்திருந்தேன். தேதி, எத்தனை சுற்று, எவ்வளவு நேரம், மழையா வெயிலா, கால் எப்படி இருந்தது என்று எழுதுவேன். செயலி செய்வதும் அந்த வேலைதான். கூடவே கூட்டிக் கழித்து வரைபடமும் போட்டுத் தருகிறது.

எழுதி வைக்காவிட்டால் நமக்கு ஞாபகம் இருப்பது ரொம்ப நன்றாக ஓடிய நாளும் ரொம்ப மோசமாக ஓடிய நாளும் மட்டுமே. "போன மாதத்தைவிட முன்னேறியிருக்கிறேனா?" என்று கேட்டால் மனசுக்குத் தோன்றியதைச் சொல்வோம். மூன்று மாதப் பதிவு கையில் இருந்தால் அப்படி ஊகிக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. என்ன இலக்கு என்பதை நீங்களும் உங்கள் பயிற்றுநரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டு, அப்புறம் செயலியைத் திறங்கள். செயலி தானாக நீட்டும் "இந்த மாதம் 100 கிலோமீட்டர்" மாதிரியான சவால்களுக்கு உங்கள் முழங்காலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இலக்கு என்று என்ன எழுதுவது? "ஐபிபிடியில் தங்கம்" என்று போட்டால் போதாதா?

போடுங்கள், அது வேண்டும். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் நாளைக்குக் காலையில் எழுந்து என்ன செய்வது என்று தெரியாது.

ஒரு தம்பியின் கணக்கையே சொல்கிறேன். வயது 32, இரவு ஷிஃப்ட்டும் வரும் வேலை. 2.4 கிலோமீட்டரை 13 நிமிடம் 30 விநாடியில் ஓடிக்கொண்டிருந்தார். ஐபிபிடியில் மொத்தம் 100 புள்ளி. தண்டாலுக்கு 25, சிட்-அப்புக்கு 25, ஓட்டத்துக்கு 50. தங்கத்துக்கு 85 வேண்டும். தண்டாலிலும் சிட்-அப்பிலும் அவருக்குத் தலா 22 வந்துகொண்டிருந்தது. அப்படியானால் ஓட்டத்தில் 41 புள்ளி தேவை. வயதுக்கேற்ற அட்டவணையில் அந்த 41-க்கு எதிரே இருக்கும் நேரம் இன்னும் வேகமானது என்பதால், முதல் கட்டமாக 12 நிமிடம் என வைத்துக்கொண்டோம். திடலில் 2.4 கிலோமீட்டர் என்பது சரியாக ஆறு சுற்று. ஆக, ஒரு சுற்றுக்கு 2 நிமிடம்.

இப்போது பாருங்கள், ஒரு இலக்கு மூன்றாகப் பிரிந்துவிட்டது. தங்கம் என்பது முடிவு. அதில் அட்டவணை, சோதனை நாளின் வானிலை, அன்றைய உடல்நிலை எல்லாம் கலந்திருக்கும். சுற்றுக்கு 2 நிமிடம் என்பது அவருடைய திறன். கடிகாரத்தை வைத்து அளந்துவிடலாம். மூன்றாவது, வாராவாரம் செய்கிற வேலை. செவ்வாய் 400 மீட்டர் ஆறு முறை, ஒவ்வொன்றும் 2 நிமிடத்தில், நடுவே 90 விநாடி ஓய்வு. வியாழன் 40 நிமிடம், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். ஞாயிறு நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஒரு முறை, அதாவது 4 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்.

செயலியில் முதலாவதை நாட்காட்டியில் போட்டித் தேதியாகப் போட்டோம். இரண்டாவதை இலக்கு வேகமாகப் போட்டோம். மூன்றாவதை ஒவ்வொரு நாளுக்கும் எதிரே எழுதினோம். தினமும் பார்க்க வேண்டியது மூன்றாவதை மட்டும். 13:30-இலிருந்து 12:00-க்கு ஒரே தாவாகத் தாவ முடியாது என்பதால் ஆறாவது வாரத்தில் 12:45 என்று ஒரு படியும் வைத்தோம்.

மூன்றாவது வாரச் செவ்வாய்க்கிழமையின் பதிவு இது: 1:58, 1:59, 2:00, 2:02, 2:07, 2:12. எண்களை மட்டும் பார்த்தால், ஆரம்பத்திலேயே வேகமாக ஓடிக் கடைசியில் மூச்சு வாங்கியவரின் பதிவு. அதைச் சொல்லத்தான் கைப்பேசியை எடுத்தேன். கீழே குறிப்புப் பெட்டியில் ஒரு வரி இருந்தது: "நேற்று இரவு ஷிஃப்ட். நாலு மணி நேரம்தான் தூக்கம்." வேகத்தில் தப்பே இல்லை, நாள்தான் தப்பு. அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பயிற்சியைப் புதன்கிழமைக்கு மாற்றினோம். 2:00, 2:00, 2:01, 2:00, 2:01, 1:59.

எனக்குச் செயலியிலேயே பிடித்த இடம் அந்தக் குறிப்புப் பெட்டி. நிறையப் பேர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். "நல்லா இருந்துச்சு", "வயிறு சரியில்லை", "வலது கெண்டைக்கால் இழுத்தது" என்று நாலு வார்த்தை போதும்.

எந்தச் செயலி நல்லது?

உங்களிடம் ஏற்கெனவே இருப்பது. கார்மின், கோரோஸ், போலார் கடிகாரம் வைத்திருந்தால் அதனதன் செயலியே பெரும்பாலானவர்களுக்குப் போதும். நண்பர்களோடு சேர்ந்து ஓடும் உற்சாகம் வேண்டுமென்றால் ஸ்ட்ராவா. பயிற்றுநர் ஒருவர் உங்களுக்குத் திட்டம் போட்டு, நீங்கள் செய்ததையும் போட்ட திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் ட்ரெயினிங்பீக்ஸ் மாதிரியான மென்பொருள் வசதியாக இருக்கும்.

கடிகாரம் இல்லாத பிள்ளைகளுக்கு கூகுள் ஷீட்ஸ். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பலர் அதில்தான் எழுதுகிறார்கள். ஐந்து பத்திகள்: தேதி, என்ன செய்தேன், எத்தனை நிமிடம், எவ்வளவு கடினம், குறிப்பு. கடிகாரம் வாங்கித் தரச் சொல்லி அப்பா அம்மாவை நச்சரிக்க வேண்டாம் என்று அவர்களிடம் நானே சொல்லிவிடுவேன். இரண்டு வருடம் ஒழுங்காக ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம்.

திடலில் ஆறு சுற்று முடிவதற்குள் கடிகாரம் 2.4 வந்துவிட்டது என்கிறது. எதை நம்புவது?

திடலை நம்புங்கள். முதல் தடத்தில் ஒரு சுற்று 400 மீட்டர் என்பது அளந்து போட்ட கோடு. கடிகாரமோ செயற்கைக்கோளை வைத்துச் சில விநாடிகளுக்கு ஒருமுறை புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடாக இணைக்கிறது. வளைவுகளில் அந்தக் கோடு உள்ளேயும் வெளியேயும் அலையும், அலைந்ததெல்லாம் தூரமாகச் சேர்ந்துவிடும். நீங்கள் எந்தத் தடத்தில் ஓடினீர்கள் என்பதையும் கவனியுங்கள். எட்டாவது தடத்தில் ஒரு முழுச் சுற்று ஏறக்குறைய 453 மீட்டர். காலை நேரத்தில் நடப்பவர்களுக்கு வழிவிட்டு வெளித்தடத்தில் ஓடிவிட்டு "இன்றைக்கு மெதுவாகிவிட்டேன்" என்று வருத்தப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திடலில் சுற்று முடியும்போதெல்லாம் லேப் பொத்தானை நீங்களே அழுத்துங்கள். சில கடிகாரங்களில் திடல் ஓட்டத்துக்கென்று தனி வகை உண்டு. தடத்தின் எண்ணைச் சொன்னால் அதுவே சரிசெய்துகொள்ளும்.

மெக்ரிச்சி காட்டுப் பாதையில் மரங்கள் அடர்த்தி. வீவக அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பும். அங்கெல்லாம் கிலோமீட்டருக்கு எத்தனை விநாடி என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஒரே பாதையில், ஒரே மரத்திலிருந்து ஒரே பாலம்வரை எவ்வளவு நேரம் என்று பாருங்கள்.

அதே வேகத்தில்தான் ஓடுகிறேன். ஆனால் இதயத் துடிப்பு போன வாரத்தைவிட 12 கூடியிருக்கிறது. உடம்பு பின்னடைகிறதா?

முதலில் எத்தனை மணிக்கு ஓடினீர்கள் என்று பாருங்கள். நம் ஊரில் ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவே உலகமே மாறிவிடும். உடம்பு சூட்டைத் தணிக்க ரத்தத்தைத் தோலுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. வியர்வையாகத் தண்ணீரும் போகிறது. மீதியை வைத்துக்கொண்டு அதே வேகத்தைக் கொடுக்க இதயம் அடிக்கடி துடிக்கிறது. காற்றில் ஈரம் அதிகமென்றால் வியர்வை ஆவியாகாமல் சட்டையில் சொட்டும், உடம்பு குளிராது. குளிர்நாட்டில் எழுதப்பட்ட பயிற்சித் திட்டத்தை அப்படியே இறக்கி இங்கே ஓடுகிறவர்கள் சோர்ந்துபோவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அதனால் ஒப்பிடுவதென்றால் ஒரே நேரத்தில் ஓடிய ஓட்டங்களை மட்டும் ஒப்பிடுங்கள். 2023 ஜூலையிலிருந்து வெப்ப அழுத்த அறிவுரை வருகிறது. மைஎன்வி செயலியில் உங்கள் பகுதிக்கு அருகிலுள்ள அளவைப் பார்க்கலாம். சூடு, ஈரம், வெயில், காற்று எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் அளவு (WBGT) அது, சாதாரண வெப்பநிலை அல்ல. 31-க்குக் கீழே குறைவு, 31 முதல் 33-க்குள் மிதம், 33-ம் அதற்கு மேலும் அதிகம். ஓடிய பிறகு அந்த எண்ணையும் குறிப்பில் எழுதிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து உங்கள் பதிவைப் பார்க்கும்போது பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். அதிகம் என்று காட்டினால் வேக இலக்கை அன்றைக்கு எடுத்துவிட்டு நேரத்தை மட்டும் வைத்து மெதுவாக ஓடுங்கள், அல்லது மாலைக்குத் தள்ளுங்கள்.

இன்னொன்று. மணிக்கட்டில் அளக்கும் கடிகாரம் சில சமயம் உங்கள் காலடித் தாளத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். மெதுவாக ஓடும்போது 170 காட்டினால், நின்று கழுத்தில் விரல் வைத்து எண்ணிப் பாருங்கள். கடிகாரம் கேட்காமலே போட்டுக்கொள்ளும் "அதிகபட்சத் துடிப்பு" பெரும்பாலும் 220-இலிருந்து வயதைக் கழித்த கணக்கு. அது பலரின் சராசரி. ஒரு தனி மனிதருக்குப் பத்துக்கு மேலும் வித்தியாசம் இருக்கலாம்.

"பயிற்சிச் சுமை" என்று ஓர் எண் வருகிறதே, அது என்ன? கூடக்கூட நல்லதா?

எத்தனை நேரம், எவ்வளவு கடினமாக என்ற இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக ஆக்கியதுதான் பயிற்சிச் சுமை. ட்ரெயினிங்பீக்ஸ் கணக்கில், உங்களால் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க முடிகிற உச்ச வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 100. தினசரிச் சுமையை 42 நாள் சராசரியாகப் பார்த்து அதற்கு "உடற்தகுதி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 7 நாள் சராசரிக்குப் பெயர் "களைப்பு". முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது, நீங்கள் இன்றைக்கு எவ்வளவு புத்துணர்ச்சியோடு இருக்கிறீர்கள் என்பதற்கான குறி. அண்மைக் காலத்துக்குக் கூடுதல் எடை கொடுக்கும் சராசரி அது. பெயர் "உடற்தகுதி" என்றாலும் அது அளப்பது நீங்கள் செய்த வேலையின் அளவைத்தான். அந்தக் கோடு ஏறினால் வேகம் கூடியிருக்கிறது என்று அர்த்தமில்லை.

கடிகாரம் இல்லாதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு, விளையாட்டு அறிவியலாளர்களே பயன்படுத்துவது. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுங்கள். அதை நிமிடத்தால் பெருக்குங்கள். 40 நிமிட மெதுவோட்டம், கடினம் 4 என்றால் 160. 25 நிமிட வேகப் பயிற்சி, கடினம் 8 என்றால் 200. நேரம் குறைவு, ஆனால் உடம்புக்கு அதுதான் பாரம். வாரக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டுங்கள்.

இந்த எண்ணை நான் நம்பி ஒரு பிள்ளைக்குக் காயம் ஏற்படுத்தியதை இங்கே சொல்லியாக வேண்டும். உயர்நிலை 3 மாணவி. எங்கள் குழுவில் வாரம் இரண்டு நாள் ஓடுவாள். அவளுடைய செயலி சுமை "குறைவு, கூட்டலாம்" என்று மூன்று வாரமாகப் பச்சையில் காட்டியது. நானும் ஞாயிற்று ஓட்டத்தைக் கூட்டினேன். ஆனால் அந்தக் காலாண்டில் அவள் பள்ளியின் இணைப்பாட நடவடிக்கையிலும் புதிதாகச் சேர்ந்து வாரம் மூன்று நாள் ஓடிக்கொண்டிருந்தாள். அங்கே கடிகாரம் கட்ட அனுமதி இல்லை. செயலிக்கு அந்த மூன்று நாளும் ஓய்வு நாள். எனக்கும்தான், ஏனென்றால் நான் கேட்கவில்லை. முன்கால் எலும்பில் வலி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபாதைத் திண்ணையில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தாள். விரலால் தொட்டால் ஒரே ஒரு புள்ளியில் துடிக்கிறது. மருத்துவர் எலும்பில் அழுத்த முறிவு என்றார். எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. அந்த ஆண்டின் பள்ளிப் போட்டிகளை அவள் பார்வையாளர் இருக்கையில் இருந்துதான் பார்த்தாள்.

அதிலிருந்து எங்கள் குழுவில் ஒரு விதி. உடற்கல்வி வகுப்பு, பூப்பந்து, சிலம்பம், நடனப் பயிற்சி, எதுவாக இருந்தாலும் நிமிடமும் கடினமும் பதிவாக வேண்டும். பதிவாகாத வாரத்தில் நான் யாருக்கும் தூரத்தைக் கூட்டுவதில்லை.

என் மகள் 100 மீட்டர் ஓடுகிறாள். ஆறு மாதமாக வரைபடம் தட்டையாகவே இருக்கிறது. வேறு பயிற்றுநரைப் பார்க்கலாமா?

அவசரப்படாதீர்கள் அம்மா. முதலில் அந்த நேரங்களை யார், எப்படி எடுத்தார்கள் என்று பாருங்கள். கையால் அழுத்தும் நிறுத்துக் கடிகாரத்தில் நேரம் குறைவாகவே விழும். மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டுவது வழக்கம். பள்ளித் திடலில் கையால் எடுத்த 13.4-ம் போட்டியில் மின்னணு முறையில் எடுத்த 13.6-ம் கிட்டத்தட்ட ஒன்றுதான். செயலியில் இரண்டையும் ஒரே கோட்டில் போட்டால் பிள்ளை பின்னடைந்த மாதிரி தெரியும். காற்றும் அப்படித்தான். முதுகுக்குப் பின்னாலிருந்து விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் காற்று அடித்தால் அந்த நேரம் சாதனையாகக் கணக்கில் வராது. பயிற்சியில் யாரும் காற்றை அளப்பதில்லை.

அப்புறம் பொறுமை. நம் சி. குணாளன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38-இல் ஓடினார். அந்தத் தேசிய சாதனையை யு.கே. ஷியாம் 2001-இல் 10.37 ஓடி முறியடிக்க 33 ஆண்டுகள் ஆயின. நூறில் ஒரு விநாடி! சாந்தி பெரேராவைப் பாருங்கள். 2015-இல் இங்கே நம் மண்ணில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில் 200 மீட்டர் தங்கம் வென்ற நேரம் 23.60. 2023 உலகப் போட்டியில் அவர் ஓடியது 22.57. அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கமும் வாங்கினார். ஒரு விநாடிக்குச் சற்று மேல் குறைய எட்டு ஆண்டுகள். நடுவில் 2017-லும் 2019-லும் தங்கம் கிடைக்கவில்லை. அந்த ஆண்டுகளின் வரைபடத்தை மட்டும் பார்த்து யாராவது முடிவெடுத்திருந்தால்?

வளரும் வயதில் இன்னொரு காரணமும் உண்டு. உயரம் சடசடவென்று கூடும் மாதங்களில் கால் நீளமாகிவிடும், பழைய ஒருங்கிணைப்பு கொஞ்ச நாள் தடுமாறும். அந்தக் காலத்தில் நேரத்தை இலக்காக வைக்காதீர்கள். புறப்பாடு, முதல் 30 மீட்டர், வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சிக்கு வந்தாள் என்று வேறு எதையாவது அளக்கலாம்.

எடையையும் செயலியில் இலக்காக வைக்கலாமா?

பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. எங்கள் ஷீட்டில் எடைக்குப் பத்தி கிடையாது. பயிற்றுநரும் சக மாணவர்களும் பார்க்கும் இடத்தில் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் எடையை வாராவாரம் எழுத வைத்தால் அவள் சாப்பாட்டைக் குறைப்பாள். சாப்பாடு குறைந்தால் மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும்போகும். எலும்பு பலவீனமாகும், அழுத்த முறிவு வரும். வேகமும் குறையும். மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை என்றால் அது பயிற்சியின் பெருமை இல்லை, மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறி. அதை அம்மாவிடமோ அக்காவிடமோ தயங்காமல் சொல்லுங்கள்.

பெரியவர்கள் மருத்துவர் சொல்லி எடையைக் கவனிக்கிறார்கள் என்றால் தனியாக, தன் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம்.

தைப்பூச விரதம் இருக்கிறேன். செயலியில் பயிற்சி எல்லாம் சிவப்பாகிறது. என்ன செய்வது?

திட்டத்தையே முன்கூட்டி மாற்றுங்கள். அது நீங்கள் தெரிந்தே எடுத்த முடிவு, தவறவிட்ட பயிற்சி அல்ல. விரத நாட்களை முதலிலேயே நாட்காட்டியில் குறித்துவிட்டு அந்த வாரங்களில் வேகப் பயிற்சியை எடுத்துவிடுங்கள், மெதுவோட்டம் இருக்கட்டும். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு கோயில்வரை வெறுங்காலில் காவடியோ பால்குடமோ எடுத்து நடப்பதையும் நிமிடத்தோடும் கடினத்தோடும் பதிவு செய்யுங்கள். உடம்பைப் பொறுத்தவரை அதுவும் சுமைதான். பாதம் ஆறுகிறவரை, ஒரு வாரமாவது, திடல் பக்கம் வராதீர்கள்.

ரமலான் நோன்பிருக்கும் எங்கள் குழுப் பிள்ளைகளுக்கும் இதே முறைதான். நோன்பு திறந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து லேசான ஓட்டம். சாதாரண நிலை (ஓ லெவல்) தேர்வு எழுதும் மாணவர்களுக்கு அக்டோபர், நவம்பரில் வாரம் இரண்டு முறை அரை மணி நேரம் போதும். அதை முழு இலக்காகவே எழுதிவிடுங்கள், பச்சை விழட்டும்.

போட்டி வாரத்தில் பயிற்சியைக் குறைத்தேன். கடிகாரம் "உடற்தகுதி குறைகிறது" என்கிறது.

குறையட்டும். போட்டிக்கு முந்தைய ஒன்றிரண்டு வாரங்களில் தூரத்தைச் சுமார் பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் கொஞ்சம் தொட்டு வைத்திருப்பதுதான் முறை. செய்த வேலையை உடம்பு ஜீரணிக்கும் நேரம் அது. கடிகாரத்துக்குப் போட்டித் தேதி தெரியாது. தெரிவித்திருந்தாலும் அதன் பேச்சைக் கேட்டுக் கடைசி வாரத்தில் ஒரு நீண்ட ஓட்டம் போய்விடாதீர்கள்.

பிள்ளையின் செயலியைப் பெற்றோர் பார்க்கலாமா? மற்றவர்கள் பார்ப்பார்களே?

பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் பாருங்கள். பார்த்தபின் இரவுச் சாப்பாட்டில் எண்ணைப் பற்றி விசாரிக்காதீர்கள். "இன்றைக்கு 2:07 ஆமே?" என்று ஓர் அப்பா தினமும் கேட்டதால் அவர் மகன் குறிப்புப் பெட்டியில் எழுதுவதையே நிறுத்திவிட்டான். எனக்கு வேண்டியது அந்தக் குறிப்பு. அப்பாவிடம் பேசினேன், அவரும் புரிந்துகொண்டார். இப்போது "ஓட்டம் நன்றாக இருந்ததா?" என்று மட்டும்தான் கேட்கிறார்.

வெளியாட்கள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஓடத் தொடங்கும் இடமும் முடியும் இடமும் பெரும்பாலும் வீட்டு புளோக்தான். ஸ்ட்ராவாவில் அந்த இரண்டையும் மறைக்கும் வசதி உண்டு, பதிவை நண்பர்களுக்கு மட்டும் காட்டும்படியும் வைக்கலாம். 2017-இல் ஸ்ட்ராவா வெளியிட்ட உலக ஓட்ட வரைபடத்தில் பல நாடுகளின் ராணுவ முகாம்களே ஒளிக்கோடாகத் தெரிந்தன. தேசிய சேவையில் இருக்கும் தம்பிகளே, முகாமுக்குள் ஓடுவதைப் பொதுவில் போடாதீர்கள்.

இலக்கை நடுவில் மாற்றினால் தோல்வியா?

இல்லை. நாங்கள் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சோதனை ஓட்டம் வைக்கிறோம். அதே திடல், அதே காலை நேரம், முதல் தடம். அடுத்த இலக்கு அதைப் பார்த்துத்தான். அதற்கு நடுவில் ஒரு மோசமான செவ்வாய்க்கிழமைக்காக எதையும் மாற்றுவதில்லை. புகைமூட்டம் வந்து 24 மணி நேரக் காற்றுத் தரக் குறியீடு 100-ஐத் தாண்டினாலோ, டெங்கிக் காய்ச்சல் வந்தாலோ, அது வேறு. அப்போது தேதியைத் தள்ளுங்கள்.

மேலே சொன்ன தம்பி ஆறாவது வாரத்தில் 12:45-க்குப் பதிலாக 12:52 ஓடினார். ஏழு விநாடி. இலக்கை அப்படியே வைத்துக்கொண்டு தேதியை மட்டும் மூன்று வாரம் தள்ளினோம்.

செயலியை மாற்றினால் பழைய பதிவெல்லாம் போய்விடுமா?

போகாது, நீங்கள் எடுத்து வைத்துக்கொண்டால். கார்மின், ஸ்ட்ராவா இரண்டிலுமே உங்கள் பதிவுகளை மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். கணக்கை மூடுவதற்கு முன் செய்துவிடுங்கள். ஆனால் ஓட்டக் கோப்பில் தூரம், நேரம், துடிப்பு எல்லாம் இருக்கும், நீங்கள் கைப்பட எழுதிய குறிப்பு சில சமயம் புதிய செயலிக்குள் வராது. அதைத் தனியாக நகலெடுத்து ஷீட்டில் ஒட்டிவிடுங்கள்.

கால் முறிந்த அந்த மாணவி இப்போது தொடக்கக் கல்லூரியில் 1500 மீட்டர் ஓடுகிறாள். போன மாதம் புதுக் கடிகாரம் வாங்கியதும் முதல் வேலையாகப் பழைய ஷீட்டைத் திறந்து, அந்த எட்டு வாரத்தில் எழுதியதையும் சேர்த்துப் புதிய செயலிக்குக் கொண்டுவந்தாள். ஓட்டமே இல்லாத அந்த வாரங்களிலும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி இருக்கிறது: "நீச்சல் 20 நிமிடம். கடினம் 3. வலி இல்லை."